தரங்கம்பாடியில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

திருக்கடையூரில் யாருக்காவது அறுபதாம் கல்யாணம் என்றால் அன்று மத்தியானம் தரங்கம்பாடிக் கோட்டை வாசலில் அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். பட்டுப்புடவை, நெற்றியில் கலைந்த சந்தனம், கையில் தாம்பூலப் பை. சாப்பாடு முடிந்தது, ரயிலுக்கு நேரம் இருக்கிறது, "பக்கத்துல டச்சுக் கோட்டை இருக்காம், எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று ஏதோ ஒரு சித்தப்பா எல்லாரையும் வேனில் ஏற்றியிருப்பார். டச்சு இல்லை சித்தப்பா, டேனிஷ். டச்சுக்காரர்கள் இருந்தது நாகப்பட்டினத்தில். சொன்னால் மட்டும் என்ன, அந்த வெயிலில் யார் காதில் ஏறும்? கோட்டை மதிலில் சாய்ந்து நாலு படம், பீரங்கி மேல் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு படம், வாசலில் ஐஸ்கிரீம். அரை மணி நேரத்தில் வேன் கிளம்பிவிடும். "ஒண்ணுமில்ல, ஒரு பழைய கட்டடம்" என்று ஊரில் போய்ச் சொல்வார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்குத் தரங்கம்பாடியில் நிஜமாகவே ஒன்றுமில்லை. இந்த ஊர் இருப்பது காலையில் ஐந்தரை முதல் ஒன்பது வரை, அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல். நடுவில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு ராத்திரியாவது தங்குங்கள். இரண்டு ராத்திரி என்றால் அக்கம்பக்கத்து ஊர்களையும் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

வருவது எப்படி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரயிலில் மயிலாடுதுறை வந்து இறங்கினால் அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர், பஸ் நிறைய. பொறையார் பஸ்ஸில் ஏறுங்கள், அல்லது கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சிதம்பரத்திலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில் ஏறி இங்கே இறங்கிக்கொள்ளலாம். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் இருந்தது. 1926-ல் வந்த மீட்டர்கேஜ் பாதை, 1986-ல் நின்றுபோனது. செம்பனார்கோயில், திருக்கடையூர்ப் பக்கம் வயதானவர்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள், அந்த ரயிலைப் பற்றிப் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் பேசுவார்கள். திரும்ப விடச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

தங்குவதற்கு, பழைய வீடுகளைப் பழுதுபார்த்து விடுதியாக்கியவை ஊருக்குள்ளேயே இருக்கின்றன. கடற்கரையை ஒட்டியும் ஒன்று உண்டு. அவை கொஞ்சம் விலைதான். சிக்கனமாக வேண்டுமானால் திருக்கடையூரில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் கல்யாணத்துக்கு வரும் கூட்டத்தை நம்பி இருப்பவை என்பதால் நல்ல நாளில் அறை கிடைப்பது கஷ்டம், நாதஸ்வரச் சத்தத்தில் விடியற்காலைத் தூக்கமும் போய்விடும். காரைக்கால் பதினைந்து கிலோமீட்டருக்குள், அங்கேயும் தங்கலாம். ஆனால் சனி ஞாயிறில் காரைக்காலுக்கு வருகிற கூட்டம் எதற்காக வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நண்டலாறு சோதனைச் சாவடியில் போலீஸ்காரர்கள் வண்டி டிக்கியைத் திறந்து பார்ப்பதும் அதற்காகத்தான்.

ஊருக்குள் நுழையும்போது வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். வெள்ளை அடித்த ஒரு பெரிய வாயில் இருக்கும், 1792-ல் கட்டியது. அந்த வாயிலிலிருந்து ராஜா வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. கிங்ஸ் தெரு என்றுதான் பலகையில் இருக்கும். வாயிலில் நின்றால் வீதியின் கடைசியில் ஒரு கீற்று நீலம் தெரியும், அதுதான் கடல். நிதானமாக நடந்தாலே பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மதிலுக்குள் இருந்த பழைய ஊரே அவ்வளவுதான். கிங்ஸ் தெரு, குயின் தெரு, அட்மிரல் தெரு, பொற்கொல்லர் தெரு, குறுக்கே சில சந்துகள். பெரிய தூண் வைத்த ஐரோப்பிய மாளிகைக்கு ரெண்டு வீடு தள்ளி ஓட்டு வீடு, திண்ணை, திண்ணையில் தாத்தா. சுனாமிக்குப் பிறகு இந்தத் தெருக்களில் பல வீடுகளை இன்டாக் அமைப்பு பழைய முறையிலேயே செப்பனிட்டுக் கொடுத்தது. அதனால்தான் நடந்து பார்க்க இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது.

கோட்டையைப் பற்றிப் பேசலாம். டேனிஷ்காரர்கள் இங்கே வந்ததே தற்செயல் மாதிரிதான். ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் கிளம்பியது இலங்கைக்கு. கண்டி ராஜாவோடு உடன்படிக்கை போட்டுக்கொண்டு மிளகும் பட்டையும் வாங்கலாம் என்று கணக்கு. அங்கே காரியம் ஆகவில்லை. முன்னோட்டமாக அனுப்பிய ஒரு கப்பலைப் போர்த்துக்கீசியர்கள் காரைக்கால் பக்கம் அடித்து மூழ்கடித்துவிட்டார்கள். தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். பேச்சு அங்கிருந்து ஆரம்பித்து 1620-ல் இந்த இடம் கைக்கு வந்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் கொடுத்த கடிதம் இன்னும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆக, இது சண்டை போட்டுப் பிடித்த இடம் இல்லை, வாடகைக்கு வந்தவர்கள் கட்டிய கோட்டை.

எனக்கு இந்தக் கோட்டையில் மிகவும் பிடித்த பகுதி எந்தக் காட்சிக் கூண்டிலும் இல்லை. 1639-க்குப் பிறகு சுமார் முப்பது வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே கிளம்பவில்லை. ஐரோப்பாவில் அவர்களுக்குச் சண்டை, கையில் காசில்லை, அவர்களுடைய வியாபாரக் கம்பெனியே கவிழ்ந்துவிட்டது. இங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற சாதாரணச் சிப்பாய் கோட்டைத் தலைவரானார். அவர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, வங்காள விரிகுடாவில் போகிற கப்பல்களை மறித்துப் பிடித்துக் காலம் தள்ளினார். நாயக்கருக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி விழுந்துகொண்டே இருந்தது. ஊரைச் சுற்றி மதில் எழுந்ததும் அவர் காலத்தில்தான். 1669-ல் ஒருவழியாகக் கப்பல் வந்தபோது டேனிஷ் கொடி கீழே இறங்காமல் பறந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து கடுதாசியே வராத இடத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த மனுஷனை யாராவது தமிழில் நாவலாக எழுத வேண்டும்.

உள்ளே கீழ்த்தளம் கிடங்கு, சமையலறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். மேலே உள்ள கூடங்களில் நடுத்தூணிலிருந்து வளைந்து விரியும் கூரையைப் பாருங்கள், அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பீங்கான், நாணயம், வாள் எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குப் பிடித்தது. 1978-ல் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளும்வரை இந்தக் கோட்டை அரசாங்க அதிகாரிகள் வந்தால் தங்குகிற பங்களாவாக இருந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள், தாசில்தார் முகாம் வந்து கோட்டைக்குள் கொசுவலை கட்டிப் படுத்திருப்பார். அருங்காட்சியகம் காலை பத்து மணிக்குத்தான் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

இன்னொருவரைச் சொல்லாமல் கோட்டையை விட்டுப் போக மனசில்லை. 1623-ல் யோன் ஓலாஃப்சன் என்ற ஐஸ்லாந்துக்காரர் இங்கே சிப்பாயாக வந்தார். ஒரு வெடிமருந்து விபத்தில் மோசமாகக் காயப்பட்டு ஊர் திரும்பி, கிழவரான பிறகு தன் கதையை எழுதிவைத்தார். பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்து நம் சோழமண்டலக் கரையைப் பற்றி 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் எழுதியிருக்கிறார்.

கிங்ஸ் தெருவில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701, அது டேனிஷ்காரர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்டது. புதிய எருசலேம் ஆலயம் 1718, அது தமிழ்ச் சபைக்கு சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் கட்டியது. ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இரண்டாவதற்குப் போங்கள். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் கிரீட முத்திரை இருக்கிறது. உள்ளே பலிபீடத்துக்கு அருகில் சீகன்பால்குவின் கல்லறை. ஆலயம் கட்டி முடித்த அடுத்த வருஷமே, 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் இறந்துவிட்டார்.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் புளூட்சோ என்ற இன்னொரு பாதிரியாரோடு இங்கே வந்து இறங்கியபோது வயது இருபத்துமூன்று. அவரைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டு மறந்திருப்போம். நம் பிள்ளைகளுக்கு நடத்திய திண்ணைப் பள்ளியில் போய் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றுக்கொண்டவர். இரண்டு வருஷத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தேடிப்பிடித்து, எது எதைப் பற்றியது என்று ஒரு பட்டியலே எழுதிவிட்டார். அவரைச் சிறையில் போட்டது யார் தெரியுமா? நம் ராஜாக்கள் இல்லை, அவருடைய சொந்த டேனிஷ் ஆளுநர்தான். வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று நாலு மாசம் அதே கோட்டைக்குள் அடைத்து வைத்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். உன்னை அனுப்பியது அந்தத் தெய்வங்களை அழிக்கத்தானே ஒழிய அவற்றின் கதையை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்று அங்கே ஓரங்கட்டிவிட்டார்கள். அச்சேறியது 1867-ல், அதுவும் சென்னையில்.

அச்சகக் கதை இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்குமுன் ஒரு திருத்தம். "இந்தியாவின் முதல் அச்சகம்" என்று இங்கே யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். கோவாவில் 1556-லேயே அச்சு வந்துவிட்டது, 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் தமிழிலேயே அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. நின்றுபோயிருந்த தமிழ் அச்சை மறுபடி ஓடவைத்து, விடாமல் ஓட்டியது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன. ஒரு பக்கத்தில் நாலு வரிதான் கொள்ளும் என்றால் புதிய ஏற்பாட்டுக்குக் காகிதத்துக்கு எங்கே போவது? இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். லண்டனிலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கித்தான் அந்த எழுத்துகள் வந்தன என்று ஒரு கதை வழங்குகிறது. காகிதப் பஞ்சத்துக்குப் பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையே வைத்துப் பார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. நீங்கள் இதைப் படிக்கிற எழுத்து உருவத்துக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் ஏதோ ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. சீகன்பால்கு குடியிருந்த வீட்டை இப்போது அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள், அங்கே அச்சு சம்பந்தப்பட்ட பொருட்களை நிதானமாகப் பார்க்கலாம். எழுத்து, அச்சு என்றால் கண் விரியும் ஆளாக இருந்தால் காலைப் பொழுது முழுவதையும் இதற்கே ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் இருபது நிமிஷம்.

மதம் பரப்ப வந்தவர்கள்தானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆமாம், அதற்குத்தான் வந்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் பாதிப் பொழுதைச் செடிக்கும் மீனுக்கும் செலவழித்திருக்கிறார்கள். 1768-ல் வந்த கோனிக் என்ற மருத்துவர் தாவரவியல் மேதை லின்னேயஸின் மாணவர். ஜான் என்ற பாதிரியார் இந்தக் கடலில் பிடித்த மீன்களைப் பாடம்செய்து பெர்லினில் பிளாக் என்ற மீனியலாளருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். உலக மீன் பட்டியலில் பல மீன்களுக்கு முதல் முகவரி தரங்கம்பாடி. இதை மனசில் வைத்துக்கொண்டு மறுநாள் விடியற்காலை மீன் இறங்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள், சங்கராவும் கிழங்கானும் வேறு மாதிரித் தெரியும்.

இருட்டு விலகும் முன்பே போய்விடுங்கள். படகுகள் வந்து சேரும் நேரத்தில் ஏலம் ஆரம்பித்துவிடும். சமீப ஆண்டுகளில் இங்கே மீன்பிடித் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள், அதனால் பரபரப்பு பெரும்பாலும் அங்கேதான். கேமராவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நிற்காதீர்கள், அவர்களுக்கு அது பிழைப்பு. நான் ஒரு கூடைக்கருகில் வெறுமனே நின்றுகொண்டிருந்தபோது ஒரு அம்மா, "வாங்கறியா பாப்பா, இல்ல வேடிக்கையா? வாங்கறதுன்னா வெல சொல்றேன், வேடிக்கைன்னா அந்தாண்ட நில்லு" என்றார். நியாயம்தானே. கால் கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு உரிமையோடு நின்றேன். அதை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தங்கியிருந்த வீட்டு அக்கா பதில் வைத்திருந்தார், மாங்காய் போட்டுக் குழம்பு.

அதே கரையில் 2004 டிசம்பர் 26-ல் நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். பேசும்போது அது தானாக வரும், வராவிட்டால் நாமாகக் கிளற வேண்டாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஓட்டல்களை விரல்விட்டு எண்ணலாம். பொறையார் கடைத்தெருவில் மெஸ்களில் மத்தியானம் மீன் சாப்பாடு உருப்படியாகக் கிடைக்கும், ஒன்றரைக்குள் போனால்தான் வறுவல் மிஞ்சும். தங்கும் இடத்தில் முதல் நாளே சொல்லிவைத்தால் சுறாப் புட்டோ நண்டு வறுவலோ செய்து கொடுப்பார்கள். சுறாப் புட்டு சொல்லிவிடுங்கள். நண்டு எங்கேயும் கிடைக்கும்.

சாயங்காலம் கோட்டைக்கு வடக்குப் பக்கமாகக் கடலை ஒட்டி நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் கட்டியது. இந்த ஊரில் மிகப் பழைய கட்டடம் கோட்டை இல்லை, இதுதான், அதைவிட முந்நூறு வருஷம் மூத்தது. முன் மண்டபமெல்லாம் கடல் தின்றுவிட்டது. பல காலம் பாதிக் கோயில் அலைக்குள் நின்றது. இப்போது பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்து, கோயிலையும் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். புதுப் பூச்சு சிலருக்குப் பிடிக்கவில்லை, படம் எடுக்க அந்தச் சிதிலம்தான் அழகாக இருந்தது என்பார்கள். படம் எடுப்பவர்களுக்கு அழகுதான், சாமி கும்பிடுபவர்களுக்கு? நான் கும்பிடுபவர்கள் கட்சி.

பாறைகள் மேல் ஏறி இறங்கி விளையாட வேண்டாம், பாசி வழுக்கும். கடலில் குளிப்பதும் வேண்டாம். இழுப்பு அதிகம். கால் நனைத்தால் போதும்.

கடற்கரையில் இன்னொன்றும் காதில் விழும். உலகத்திலேயே ஓசோன் காற்று அதிகம் வீசும் கடற்கரை இது, இங்கே மூச்சை இழுத்து விட்டால் நோயெல்லாம் போய்விடும் என்று. இணையத்திலும் இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. தரைமட்டத்தில் ஓசோன் என்பது மாசு, நுரையீரலுக்குக் கெடுதல். அது நிஜமாகவே இங்கே அதிகமாக இருந்தால் ஓடத்தான் வேண்டும். நல்ல கடல் காற்று, வண்டிப் புகை கம்மி, அதனால் மூச்சு சுகமாக இருக்கிறது. அதுவே போதாதா?

இரண்டாம் நாளுக்கு வருவோம். ஓர் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், அல்லது தங்கும் இடத்தில் ஸ்கூட்டர் கேட்டுப் பாருங்கள். முதலில் தில்லையாடி, நாலைந்து கிலோமீட்டர்தான். சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர், அதில் புடவை எடுத்தவர்கள் எல்லாரும் இந்த ஊர்ப் பெயரைப் படித்திருப்பீர்கள். வள்ளியம்மை பிறந்தது இங்கே இல்லை, ஜோகன்னஸ்பர்க்கில், 1898-ல். பெற்றோரின் பூர்வீகம்தான் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் சேர்ந்து சிறைக்குப் போய், அங்கே பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் இறந்துபோனார். நோயில் கிடந்தபோது, சிறைக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று காந்தி கேட்டதற்கு, மறுபடி போகவும் தயார் என்று சொன்னதைக் காந்தியே எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம், 1915-ல், இந்தியா திரும்பிய சில மாதங்களில் காந்தி தேடி வந்த கிராமம் இது. நினைவு மண்டபமும் நூலகமும் இருக்கின்றன. பெரிதாகப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் தன் பெற்றோர் ஊரைக் கண்ணால் பார்க்காமலே செத்துப்போன ஒரு பெண்ணின் பெயரில் அந்த ஊர் அறியப்படுகிறது என்பதை அந்த வயல்வெளியில் நின்று யோசித்துப் பார்க்கலாம். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

அடுத்து அனந்தமங்கலம், திருக்கடையூர் போகிற வழியில். மூன்று கண், பத்துக் கை ஆஞ்சநேயருக்காகக் கூட்டம் வரும். நான் போகச் சொல்வது வேறு காரணத்துக்கு. இங்கே ராஜகோபாலசாமி கோயிலில் இருந்த ராமர், சீதை, லட்சுமணர் வெண்கலச் சிலைகள் 1978-ல் திருடுபோயின. லண்டனில் போய்ச் சேர்ந்துவிட்டன. 1958-ல் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் எடுத்துவைத்திருந்த புகைப்படங்கள்தான் அவை இந்தக் கோயில் சிலைகள் என்று நிரூபிக்க உதவின. 2020-ல் திரும்பி வந்தன. யாரோ ஒருவர் ஒரு கிராமத்துக் கோயிலில் வெளிச்சம் பார்த்து மெனக்கெட்டு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அறுபது வருஷம் கழித்து சாமியை வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறது. உங்கள் ஊர்க் கோயில் சிலைகளுக்குப் படம் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

திருக்கடையூரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபது முடிந்தால் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். சிவன் எமனைக் காலால் உதைத்த இடம் என்பதால் ஆயுள் சம்பந்தப்பட்ட எல்லாம் இங்கே. ஒரே நேரத்தில் பல ஜோடிகள் மாலை மாற்றிக்கொண்டிருப்பார்கள். யாரையும் தெரியாவிட்டாலும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். மாமா தாலி கட்டும்போது மாமி வெட்கப்படுவதும், பேரன் விசில் அடிப்பதும், பிள்ளைகள் செலவுக் கணக்கில் குசுகுசுவென்று சண்டை போடுவதும், அபிராமி சந்நிதியில் அந்தாதி சொல்லும் ஒரு குரல் இதற்கு நடுவில் கேட்பதும். மண்டபத்து ஆட்கள் விரட்டினால் மட்டும் எழுந்தால் போதும்.

மத்தியானத்துக்கு மேல் பூம்புகார், வடக்கே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். சிலப்பதிகாரத்தை மனசில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். பட்டினம் எங்கே என்றால் கடலைக் காட்டுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை, கடலடியில் ஆராய்ச்சியாளர்கள் தேடியிருக்கிறார்கள். 1973-ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கதை முழுக்கக் கல்லில் இருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பல்லவனேச்சுரத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் செங்கல் அடித்தளம். புத்த விகாரை அது. கீழையூரில் தோண்டியபோது படகு கட்டும் துறை ஒன்று, மரக்கம்பங்களோடு, கிடைத்தது. புகார் என்ற ஊர் பாட்டில் மட்டும் இருந்ததில்லை என்பதற்கு இந்தச் செங்கற்கள் சாட்சி. ஆனால் ஒரு பலகை, ஒரு கம்பிவேலி, அதில் காயும் துணி என்ற நிலையில் வைத்திருக்கிறோம். கோபம்தான் வருகிறது.

காவிரி கடலில் கலக்கும் இடத்தையும் பாருங்கள். தலைக்காவிரியிலிருந்து கிளம்பி இரண்டு மாநிலங்களைச் சண்டை போட வைத்த நதி, இங்கே பல மாதங்கள் தாண்டிப் போகிற அளவில் வாய்க்கால். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு மட்டும் கூட்டம் நெரியும்.

திருவெண்காடு பக்கத்தில்தான், புதன் ஸ்தலம் என்று ஜோசியர் சொன்னவர்கள் போகட்டும், மற்றவர்கள் அங்கே கிடைத்த ரிஷபவாகன மூர்த்தியைத் தஞ்சாவூர் கலைக்கூடத்தில் போய்ப் பாருங்கள். மாடு இல்லாமல், மாட்டின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிற சிவன். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி எல்லாம் தெற்கே ஒரே கோட்டில் இருக்கின்றன, ஆனால் அவற்றை இந்தப் பயணத்தில் திணிக்காதீர்கள். ஒரு நாளில் ஒன்பது கோயில் என்ற வேகத்தில் போனால் செருப்பு விட்ட இடம்தான் நினைவிருக்கும். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி வந்தால் மட்டும் ஒரு விதிவிலக்கு: காரைக்காலில் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

எப்போது வரலாம் என்று கேட்பீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது. சித்திரை, வைகாசி வெயிலைத் தாங்குகிறவர்கள் தாங்கட்டும். தை, மாசிதான் சரி. பொங்கல் லீவில் மட்டும் வேண்டாம், கோட்டைத் திடலில் நிற்க இடம் இருக்காது.

இந்த ஊர் ஏன் இப்படி உறைந்துபோனது என்று சாயங்காலம் மதில்மேல் உட்கார்ந்தால் தோன்றும். 1845-ல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டது. கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாவுக்கே இது தலைநகராக இருந்தது. 1857-ல் இங்கே முன்சீப்பாக வந்தவர் பின்னால் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளை. 1860-ல் தலைநகரம் தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த வருஷம் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது. வியாபாரம் போனதால் இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லை. தெருக்கள் பிழைத்தது அதனால்தான்.

கிளம்பும் நாளில் கார் என்றால் காலை ஒன்பதுக்குள் திருக்கடையூரைத் தாண்டிவிடுங்கள், அதற்கு மேல் வேன்கள் சாலையை அடைத்துவிடும். மயிலாடுதுறையில் ரயிலுக்கு நேரம் இருந்தால் காபி குடித்துவிட்டு ஏறுங்கள், இந்த ஜில்லாவில் காபி எங்கேயும் மோசம் போகாது.